வடைப்பெட்டிக்குள் ஒரு கீளி

நந்திக்கடலோரத்தில் நான் இப்போது குடியிருக்கிற வளவுக்கு முன்னால் விடியக் காலையில் வலையை இழுத்துக் கொட்டுவார்கள். இறாலைப் பொறுக்குவார்கள், திரளியைப் பொறுக்குவார்கள். கறிக்கும் உதவாத குஞ்சுகள் மணலில் துள்ளிக்கொண்டு மிஞ்சிக் கிடக்கும். அதற்குள் கறுப்பு வரி போட்ட விரல் நீளக் கீளிமீன் ஒன்று கிடந்தால், ஐம்பதைத் தொடப்போகிற நான் சாரத்தை மடித்துக் கட்டிக் குனிந்து, அதைத் தூக்கித் தண்ணீருக்குள் விட்டுவிட்டுத்தான் நிமிருவேன். வலைக்காரர் சிரிப்பார்கள். "வயல்காரருக்கு மீனைக் கண்டால் நாத்து நடுற நினைப்பு" என்பார்கள். சிரிக்கட்டும். கீளிக்கும் எனக்கும் உள்ள உறவு அவர்களுக்குத் தெரியாது.

இடம்பெயர்ந்தவர்கள் கூடினால் விட்டுவந்த சாமான்களைப் பற்றித்தான் கதை. அலுமாரி, ஆட்டுக்கல், விதைநெல்லு, தகரம். என்னிடம் கேட்டால் நானும் ஊரோடு சேர்ந்து தகரம் என்றுதான் சொல்லுவேன். உண்மையில் நான் நினைத்து நினைத்து ஏங்குவது ஒரு வடைப்பெட்டியையும், ஒரு உழவு மெசின் சில்லு ரியூப்பையும், அவை இரண்டும் கிடந்த அந்த அறையையும்தான்.

அறை இரணைமடுக் குளத்துக்குக் கீழே, வாய்க்கால் கரையில் இருந்த எங்கள் வீட்டில் இருந்தது. நான் கலியாணம் கட்டும்போது எனக்கு நாற்பது. மனுசிக்கு முப்பத்தைந்து. அவ முல்லைத்தீவுக் கரையில் பிறந்து வளர்ந்த வேதக்காரப் பெண். கரையில் இருக்க முடியாத காலம் வந்து, எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்தவ. "கடலுக்கும் வயலுக்கும் கலியாணமாம்" என்று ஊர் சிரித்தது. நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

முதற்பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போனது. இரண்டாவது ஐந்து மாதம் தாண்டியது. பிறகு ஒருநாள் இரத்தம் கண்டது. ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டு டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, காலை உயர்த்தி வைத்துப் படுக்கவேணும், பஸ், சைக்கிள், மெசின் ஒன்றிலும் ஏறக்கூடாது. நான் மூன்று தரம் தலையாட்டினேன். நாலாம் தரம் ஆட்டும்போது அவர் போய்விட்டார்.

அவவின் ஆட்களின் வழக்கப்படி ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போகவேணும். தாயும் தமையனும் அப்போது முள்ளிவாய்க்காலில் இருந்தார்கள். சைக்கிளில் விடிய வெளிக்கிட்டால் பின்னேரம் சேரலாம். கட்டிலில் கிடக்கிற ஆளுக்கு அது லண்டன் தூரம்.

இரண்டு கிழமை பேசாமல் கிடந்தா. மூன்றாம் கிழமை கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "இஞ்சாருங்கோ, நான் கரைக்குப் போகப்போறன்."

"டொக்டர் சொன்னது கேக்கேல்லையோ?"

"கேட்டது. இஞ்சை கிடந்தா எனக்கு மூச்சு வருகுதில்லை. காது அடைச்ச மாதிரிக் கிடக்கு. கடல் இரையாத இடத்திலை நான் எப்பிடிப் பிள்ளையை வைச்சிருக்கிறது? நாளைக்கு நீங்கள் வயலுக்குப் போனாப்பிறகு நான் பஸ் ஏறிடுவன்."

கோபத்தில் சொன்னால் பரவாயில்லை. தண்ணி வேணும் என்று கேட்கிற மாதிரிச் சொன்னா.

பயம் வந்தால் சிலர் நேர்த்தி வைப்பார்கள். சிலர் வாயடைத்துப்போய் இருப்பார்கள். என் பயம் வேறு சாதி. அது வந்தவுடன் கை தானாகச் சுத்தியலையும் ஆணியையும் தேடும். "நீர் எங்கையும் போகவேண்டாம்" என்றேன். "கடலை இஞ்சை கொண்டுவாறன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

சந்தியில் பூட்டிக்கிடந்த தேத்தண்ணிக் கடையில் வடை அடுக்கி வைக்கிற கண்ணாடிப்பெட்டி ஒன்று இருந்தது. மரச்சட்டம், நாலு பக்கமும் கண்ணாடி. கேட்டு வாங்கி வந்து, படகு ஓட்டைக்குப் பூசுகிற குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மூலைகளுக்குப் பூசினேன். நாலு வாளி கொள்ளும். பூசப் பூசப் பழைய வடையெண்ணெய் மணம் கிளம்பியது. "என்ரை கடல் வடை மணக்குது" என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு அவ சொன்ன முதல் பகிடி அது. அந்த மணத்துக்கு நான் இன்றைக்கும் அடிமை.

கடல்மீனுக்குக் காற்று வேணும். எங்கள் பக்கம் மின்சாரம் என்ற சொல்லையே பிள்ளைகள் புத்தகத்தில்தான் பார்த்தார்கள். டீசல் இல்லாமல் எங்கள் உழவு மெசின் கோழி ஏறிப் படுக்கிற இடமாகிக் கனநாள். அதன் ரியூப்பைக் கழற்றி எடுத்தேன். எங்களைப் பார்க்க வருகிற மிஸ்ஸி, பிள்ளைப்பேறு பார்க்கிறவ, பாவித்த சேலைன் ரியூப் ஒன்று தந்தா, சொட்டுச் சொட்டாக விடுகிற அந்த உருளைப் பூட்டோடு. மெசின் ரியூப்பைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துச் சைக்கிள் பம்பால் ஊதி, சேலைன் குழாயின் ஒரு முனையை அதன் வாயில் செருகி, மற்ற முனையைப் பெட்டிக்குள் ஊற்றின கிணற்றுத் தண்ணீருக்குள் விட்டேன். குமிழ் வரவில்லை. மேலே பாரம் வேணும்.

"என்ரை காலை அதிலை வையுங்கோ" என்றா.

டொக்டர் காலை உயர்த்தச் சொன்னார். ரியூப்புக்குப் பாரம் வேணும். இரண்டு கால்களையும் தூக்கி அதில் வைத்தேன். கண்ணாடிப்பெட்டிக்குள் ஒரு மூலையில் இருந்து மெல்லிய சரம் ஏறியது. புளு புளு புளு. அவ கண்ணை மூடினா. "கடல் இல்லை" என்றா. "ஆனா பரவாயில்லை. ஆரோ தூரத்திலை வள்ளம் தள்ளுற மாதிரி."

காற்றுக் குறையக் குறையக் கால் இறங்கும். கால் இறங்கினால் திரும்ப ஊதவேணும். வயலில் நின்றாலும் "கால் இறங்கியிருக்குமோ" என்று ஓடிவருவேன். பக்கத்து வயல்காரர் என்னைப் பார்த்து "ஆரின்ரை கால்?" என்று கேட்டுக் களைத்துவிட்டார்.

அடுத்தது மீன். நான் முள்ளிவாய்க்காலுக்குப் போய், மச்சானின் வலையில் வடிவானது எது என்று பார்த்துப் பொறுக்கினேன். மஞ்சளும் கறுப்பும் பூசின, தட்டை வட்டமான ஒரு மீன், கலியாணப் பெண் மாதிரி. மச்சான் வாயைத் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டு நின்றான். பிளாஸ்டிக் கானில் கடல்தண்ணீரும் மீனுமாய்ச் சைக்கிள் மிதித்தேன். புதுக்குடியிருப்புத் தாண்ட முன்னரே பெண் மிதந்துவிட்டா. தண்ணீரை மட்டும் சேதமில்லாமல் கொண்டுவந்து சேர்த்தேன்.

மனுசி கானுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "உங்களை ஆர் வடிவு பாக்கச் சொன்னது? என்னைக் கட்டேக்கை வடிவு பாத்தனீங்களே?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தால் பதில் சொன்னாலும் ஆபத்து. மீனைப் பற்றி மட்டும் கேட்டேன்.

"அது கல்லுக்கடல் மீன். தண்ணி கொஞ்சம் மாறினாலும் செத்துப்போகும். களப்பு மீன் கொண்டாங்கோ. நந்திக்கடல் மீன் மாரியிலை நல்லதண்ணியும் குடிச்சிருக்கும், கோடையிலை உப்பும் குடிச்சிருக்கும். எல்லாத்தையும் கண்டது. அதுதான் உங்கட வடைப்பெட்டிக்குத் தாக்குப்பிடிக்கும்."

அன்றிலிருந்து எங்கள் அறையில் பெண்பார்க்கும் படலம். மச்சான் எங்கள் பக்கம் வருகிற மீன்காரரின் சைக்கிளில் கிழமைக்கு ஒருதரம் ஒரு கான் களப்புத் தண்ணீரும் அதற்குள் இரண்டு மூன்று உருப்படியும் அனுப்புவான். நான் கிண்ணத்தில் விட்டு அவவின் முகத்துக்கு நேரே பிடிப்பேன். அவ தீர்ப்புச் சொல்லுவா.

"பேத்தை. வேண்டாம். பாக்கச் சாது மாதிரி இருக்கும், மற்றதின்ரை வாலைக் கடிச்சுப்போடும். கோவம் வந்தா உங்களை மாதிரி ஊதிக்கொண்டு நிக்கும்."

"இது?"

"ஓரா. முள்ளுக் குத்தினா நீங்கள் அழுவியள். நானும் படுக்கை, நீங்களும் படுக்கை எண்டா ஆர் ரியூப்புக்குக் காத்தடிக்கிறது?"

"இந்தச் சின்னத் திரளி?"

"பாயும். மூடியைப் போட்டீங்கள் எண்டா இருக்கட்டும்."

எங்கள் ஆட்கள் கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். எங்கள் கலியாணத்துக்கு ஒன்றும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் சாத்திரியார் கொப்பியை மூடியிருப்பார். மீனுக்கு அவ பார்த்த பொருத்தம் நாலுதான். உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்குமா, இந்தப் பெட்டிக்குள் வளராமல் கொஞ்சநாள் இருக்குமா, மற்றதைக் கடிக்காமல் விடுமா, நாங்கள் கொடுக்கிற இறால் துண்டைத் தின்னுமா. கட்டிலில் கிடந்து விரலை மடித்து மடித்துச் சொல்லும்போது முகத்தில் வெயில் அடித்த மாதிரி இருக்கும். சின்ன வயதில் களப்புக்குள் முழங்கால் தண்ணியில் நின்று பாவாடையால் குஞ்சு பிடித்த கதை, தகப்பனிடம் அடிவாங்கின கதை, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கதை வரும். பஸ் ஏறுகிற கதை மட்டும் வரவில்லை.

கடைசியில் குடிபுகுந்தவர்கள்: அடியிலே மணலில் குந்தியிருக்கிற உளுவை இரண்டு, மேலே ஓடித்திரிகிற சின்னத் திரளி ஒன்று, மிச்சம் மீதியைப் பொறுக்கித் தின்ன, சங்குக்குள் குடியிருக்கிற நண்டு ஒன்று. ஆளுக்கொரு இடம், ஒருவர் வாசலில் மற்றவர் நிற்பதில்லை.

கீளிக்கு நான்தான் சிபாரிசு. அதன் வரி எனக்குப் பிடித்துக்கொண்டது. அவ யோசித்தா. "கீளி சண்டியன். ஆனா சாவெண்டு ஒண்டு அதுக்குத் தெரியாது. ஒண்டே ஒண்டு, ஆகச் சின்னன், அதையும் கடைசியாத்தான் விடோணும். முதல் வந்தவன் காணி முழுக்கத் தன்ரை எண்டுதான் நினைப்பான்."

"எங்கட குடியேற்றத் திட்டம் மாதிரி."

"ஓம். உங்கட அப்பா மாதிரி" என்றா. என் அப்பா முதன்முதல் காடு வெட்டி வந்தவர்களில் ஒருவர்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. நான் இப்போது ஏங்குகிற காலம் அதுதான். ஒரு பக்கம் ஒவ்வொரு விடியலும் பயம். மறுபக்கம் அந்த அறைக்குள் நுழைந்தால் புளு புளு, வடை மணம், ரியூப்பில் இரண்டு வீங்கின கால், "இஞ்சை வாங்கோ, உளுவை கொட்டாவி விடுகுது" என்ற குரல். பயம் போகவேணும் என்று கேட்டேன். போனபோது மற்றதும் கூடப் போகும் என்று ஆரும் சொல்லவில்லை.

ஆவணி வெயிலில் பெட்டித் தண்ணீர் இரண்டு விரல் வற்றியது. நான் வயல்காரன். வற்றினால் தண்ணீர் திறந்துவிடத் தெரியும். மீன்காரர் கொண்டுவந்த களப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். மறுகிழமையும் வற்றியது, அதே மாதிரி நிரப்பினேன். பிறகு ஒருநாள் மத்தியானம், அவ நித்திரை, திரளி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. எனக்குப் பயம் பிடித்தது. களப்புத் தண்ணிதானே, கடலைப்போல வராது, உப்புக் காணாமல்தான் துடிக்குது என்று என் மூளை தீர்மானித்தது.

உப்புப் பார்க்க எனக்கு ஒரு வழிதான் தெரியும். விதைப்புக்கு முதல் விதைநெல்லைத் தெரிவதற்கு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, கோழிமுட்டையை விட்டுப் பார்ப்போம். முட்டை மிதந்தால் உப்புச் சரி. பிறகு நெல்லைக் கொட்டினால் சப்பி மிதக்கும், மணி தாழும். எங்கள் திட்டத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வேலை. மெசினில் படுத்திருந்த கோழிக்குக் கீழே இருந்து ஒரு முட்டையை எடுத்து வந்து மெல்ல விட்டேன்.

கல்லுப்போல அடியில் போய்க் கிடந்தது. உளுவை ஒன்று வந்து முகர்ந்து பார்த்தது.

பார்த்தீர்களா, உப்பே இல்லை! குசினிக்கு ஓடினேன். ஒரு பிடி போட்டுக் கலக்கினேன். முட்டை கிடந்தது. இன்னொரு பிடி. கிடந்தது. உப்பு அளக்கிற கொத்தோடு கொண்டுவந்து அரைவாசி கொட்டினேன். முட்டை ஒரு பக்கம் சரிந்தது. மிச்சத்தையும் கொட்டினேன். முட்டை நிமிர்ந்து, முனையில் நின்று ஆடியது. இன்னும் ஒரு கொத்து இருந்தால் மிதந்துவிடும் என்று நான் வெற்றியோடு திரும்பும்போது அவ விழித்திருந்தா.

"என்னப்பா, என்ரை கடலுக்குள்ளை கோழிமுட்டை நிக்குது?"

விளக்கினேன். விதைநெல்லில் இருந்து தொடங்கி ஒழுங்காக விளக்கினேன். அவ சிரித்தா. கட்டில் ஆடச் சிரித்தா, ரியூப் அமுங்கிக் குமிழ் மளமளவென்று வந்தது. "கடலிலை முட்டை மிதக்காதப்பா! கடல் உங்கட விதைநெல்லு வாளியோ? வெயிலிலை தண்ணிதான் போகும், உப்பு நிக்கும். நல்லதண்ணியெல்லோ விடோணும்!" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரளி சரிந்தது. ஒரு உளுவை வயிற்றைக் காட்டியது. சிரிப்பு அப்படியே அழுகையானது. அழுகை நின்றபோது அவவின் கை வயிற்றில் இருந்தது.

"நோகுது" என்றா.

சைக்கிள் வெளியில் நின்றது. அதை மறந்து ஓடினேன். ஒரு காலில் செருப்பு, மற்றக் காலில் இல்லை. கையில், பெட்டிக்குள் இருந்து எப்போது எடுத்தேனோ தெரியாது, அவிந்துபோகிற மாதிரி இறுகப் பிடித்த முட்டை. மிஸ்ஸி வீட்டு வாசலில் போய் நின்று, அந்த நல்ல மனுசி "என்ன, என்ன?" என்று பதற, நான் சொன்ன முதல் வசனம் இது: "மிஸ்ஸி, கீளி மட்டும்தான் தப்பும் போலை."

மிஸ்ஸி என்னையும் முட்டையையும் பார்த்தா. என்னிடம் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு நடந்தா.

அன்றைக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. மிஸ்ஸி வயிற்றில் குழாயை வைத்துக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தா. குமிழ்ச் சத்தம் மட்டும்.

"அந்தச் சனியனை நிப்பாட்டுங்கோ, எனக்குப் பிள்ளை கேக்குதில்லை."

சேலைன் பூட்டைத் திருகினேன். பிறகு மிஸ்ஸி நிமிர்ந்தா. "பிள்ளை நல்லாத்தான் கிடக்கு. தாயைச் சிரிக்கவும் வைக்காதேங்கோ, அழவும் வைக்காதேங்கோ. முடிஞ்சா நீங்கள் வயலிலையே படுங்கோ."

மிஸ்ஸி போனதும் மனுசி சொன்ன முதல் வசனம்: "பூட்டைத் திறவுங்கோ. கீளிக்கு மூச்சு முட்டும்."

பெட்டித் தண்ணீரில் பாதியை அள்ளி ஊற்றி, கிணற்றுத் தண்ணீரைச் சிரட்டை சிரட்டையாக, அவ "இப்ப… பொறுங்கோ… இப்ப" என்று சொல்லச் சொல்ல விட்டேன். திரளியும் உளுவை இரண்டும் போயிற்று. நண்டு சங்கை விட்டு வெளியே வந்து செத்துக் கிடந்தது. கீளி மட்டும் மூலையில் சரிந்து நின்று, பின்னேரமளவில் நிமிர்ந்தது. அது என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அவவைத் தவிர வேறு ஆர் கொடுத்தாலும் அது தின்னவில்லை. இது பொய். தின்றது. ஆனால் மனுசி அப்படித்தான் எல்லாருக்கும் சொன்னா.

அந்தத் தனிக் கீளியைப் பார்த்துக்கொண்டே அவ இன்னும் ஆறு கிழமை கிடந்தா. புரட்டாதி முடிய மகள் பிறந்தா, முழுசாக, எங்கள் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து கத்தின மாதிரிக் கத்திக்கொண்டு.

பிள்ளைக்கு முப்பத்தொரு நாள் கழிய மாமி வந்து, ஞானஸ்நானம் தங்கள் கரையில்தான் நடக்கவேணும் என்றா. நான் ஓம் என்றேன். விதைப்புத் தொடங்கிவிட்டது, எனக்குக் கூடப் போக முடியாது. பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஐந்து மாதமாக எந்தப் பஸ்ஸில் ஏறிவிடுவா என்று பயந்தேனோ, அதே பஸ். யன்னலால் எட்டி, "கீளியைப் பசிக்க விடாதேங்கோ, முட்டை போடாதேங்கோ" என்றா.

வீட்டுக்கு வந்தேன். அறையில் ரியூப் இறங்கிக் கிடந்தது. ஊதிவிட்டு, பாரத்துக்கு என் காலைத் தூக்கி வைத்துக் கட்டிலில் படுத்தேன். என் கால் கனம், குமிழ் கூடுதலாக வந்தது. சத்தம் சரியில்லை. காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், அவவின் பாரம் வருமோ என்று. வரவில்லை. கடலில்லாமல் மூச்சு வருகுதில்லை என்று அவ சொன்னபோது, காற்று எல்லா இடத்திலும் ஒன்றுதானே என்று மனதுக்குள் சொன்னவன் நான்.

விதைப்பு முடிந்த மறுநாள் விடியவே கீளியைக் கானில் விட்டேன். சைக்கிள் கரியரில் கட்டினேன். பதினைந்து நிமிசத்துக்கொருதரம் இறங்கிக் கானைக் கலக்கி, மழையில் நனைந்து, இருட்ட முன்னர் முள்ளிவாய்க்கால் சேர்ந்தேன்.

மனுசி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு களப்பு ஓரத்தில் நின்றா. கறுத்திருந்தா, சதை வைத்திருந்தா, என்னைக் காணாமலே நன்றாக இருந்தா. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"என்ன திடீரெண்டு?"

"கீளியை விடுவமெண்டு. அதுக்கும் அதின்ரை ஊர் எல்லோ."

"மீன்காரரிட்டைக் குடுத்து விட்டிருக்கலாமே."

"அவர் கவனமாக் கொண்டுவாறாரோ தெரியாது."

"ஓமோம். நீங்கள் கவனம்தானே."

கானைச் சரித்தேன். கீளி ஒரு கணம் வாசலில் நின்று யோசித்தது. பிறகு வரி மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. பிள்ளை விக்கியது.

"அப்ப வடைப்பெட்டி வெறுமையோ?"

"தண்ணி கிடக்கு."

"ரியூப்பைக் கழட்டிப்போட்டியளோ?"

"இல்லை. இண்டைக்கு விடியவும் காத்தடிச்சனான்."

"மீனைக் கானுக்குள்ளை விட்டாப் பிறகோ? ஆருக்கு?"

நான் பகிடிக்காரன். எந்தக் கேள்விக்கும் ஒரு பகிடி வைத்திருப்பேன். அன்றைக்கு எல்லாப் பையையும் தடவிப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

அவ பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினா.

"ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்" என்றா. "திங்கள் பஸ்ஸுக்கு மூண்டு பேரும் போவம். கானைக் கழுவி நிரப்பி வையுங்கோ. அண்ணையிட்டைச் சொல்லி உளுவை இரண்டு எடுப்பம். திரளி வேண்டாம், பாவம்."

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீர் வரை இறங்கினேன். கானை அமுக்கினேன். அது புளு புளு என்று குடித்தது. நிறைந்ததும் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மாரி மழை கலந்திருந்தது, உப்புக் கொஞ்சம் குறைவுதான்.

போதும் என்று மூடினேன்.